சரிவில் கழியும் நேரம்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இரண்டு மலையேற்றக் குழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று சென்னையிலிருந்து வந்தது. அதில் பெரும்பாலோர் பெண்கள். மற்றது ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தது. பிற்பகலில் ஒத்தமரம் பகுதியில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. ஆள் உயரத்துக்குக் காய்ந்து நின்ற புல், அடிவாரத்திலிருந்து மேலேறும் காற்று, ஓடிய பக்கமெல்லாம் பள்ளம். 9 பேர் மலையிலேயே இறந்தார்கள். உயிரோடு கீழே கொண்டுவரப்பட்டவர்களில் பலர் பின்வந்த நாட்களில் மருத்துவமனைகளில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். பலி 20-ஐத் தாண்டியது.

அந்தச் சம்பவத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. யார் அனுமதி கொடுத்தது, தீ எப்படித் தொடங்கியது, வனத்துறை ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விகளுக்காக மூத்த அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது. அவசியமான வேலைகள்தான். ஆனால் நெருப்புக்குத் தப்பி, மருத்துவமனையில் இறந்தவர்களைப் பற்றிய கேள்வி வேறு. நெருப்பு கடந்துபோன பிறகு சரிவில் உயிரோடு கிடந்தவருக்கும் மருத்துவமனைக் கட்டிலுக்கும் இடையே கழிந்த நேரம் என்ன ஆனது? அந்த நேரத்தை வானத்தின் வழியாகக் குறைத்திருக்க முடியுமா? இது 2018-இல் வந்த விருந்தினர்களின் கேள்வி மட்டுமல்ல. போடி மலைச்சரிவில் ஆண்டு முழுக்க வாழ்கிறவர்களின் கேள்வியும்கூட.

அன்று ஹெலிகாப்டர் வராமல் இல்லை. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கேட்டுக்கொண்டதன்பேரில், அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன் விமானப்படைக்கு உத்தரவிட்டார். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து உதவி கிளம்பியது. சூலூருக்கும் குரங்கணிக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான், எம்.ஐ.-17 ரக ஹெலிகாப்டருக்கு அது அரைமணி நேரப் பயணம். இப்படிப் பார்த்தால் தூரம் ஒரு தடையே அல்ல. தடையாக இருந்தது அதற்கு முன் கழிந்த நேரம். மலையிலிருந்து செல்பேசி அழைப்பு, அங்கிருந்து மாவட்ட நிர்வாகம், அங்கிருந்து தலைமைச் செயலகம், அங்கிருந்து தில்லி, அங்கிருந்து சூலூர். ஒவ்வொரு படியிலும் இருந்தவர்கள் விரைவாகவே செயல்பட்டிருக்கலாம். ஆனாலும் மார்ச் மாதத்தில் தேனி மாவட்டத்தில் சூரியன் ஆறரை மணிக்கு மறைந்துவிடும். பிற்பகல் தீக்கும் அந்திக்கும் நடுவே இருந்த மூன்று, நான்கு மணி நேரத்தை இந்தப் படிகள் தின்றுவிட்டன. இருட்டில், புகையில், செங்குத்தான சரிவில் ஹெலிகாப்டரால் ஆகக்கூடியது அதிகம் இல்லை. மறுநாள் விடிந்ததும் கமாண்டோக்களோடு அது திரும்ப வந்தபோது, மிச்சமிருந்த வேலை பெரும்பாலும் தேடுவதும் உடல்களைக் கொண்டுவருவதுமாகவே இருந்தது.

இரவு முழுக்கக் காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்கியது மனிதத் தோள். குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளிகளும் வனத்துறை, காவல்துறை, தீயணைப்புத் துறையினரும் டார்ச் வெளிச்சத்தில் ஏறினார்கள். ஏலத்தோட்டப் பாதைகளை அறிந்த கால்கள் முன்னே போக, மற்றவர்கள் பின்னே போனார்கள். நீளமான கம்பு ஒன்றின் இரு முனையிலும் போர்வையைக் கட்டினால் டோலி. அதற்குள் ஆளைக் கிடத்தி முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். தோள் மாற்றப் பக்கத்தில் வேறு சிலர். இந்த மலையில் பிரசவ வலி கண்டவளும் பாம்பு கடித்தவரும் காலங்காலமாக இறங்கி வந்த வாகனம் அதுதான்.

கால் ஒடிந்தவரை டோலி காப்பாற்றும். தீக்காயம் பட்டவரை அதில் கொண்டுவருவது கொடுமையான வேலை. வெந்த தோல் போர்வையில் உரசி உரிந்துவிடும். தோல் போன இடத்தில் உடம்பால் சூட்டைத் தக்கவைக்க முடியாது. மார்ச் மாதத்திலும் மலை இரவின் குளிர் உள்ளே இறங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பெரிய தீக்காயத்தில் ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் வழிந்துபோகும். அதை ஈடுகட்ட நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும். எவ்வளவு என்பதற்குப் பார்க்லாண்ட் சூத்திரம் என்று ஒரு கணக்கு உண்டு. உடல் எடையைக் கிலோவில் எடுத்து, வெந்த பரப்பின் சதவீதத்தால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்கான மில்லிலிட்டர் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடம்பில் பாதி வெந்திருந்தால் 12 லிட்டர். அதில் சரிபாதி, அதாவது 6 லிட்டர், முதல் எட்டு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் மருத்துவமனையில் சேர்த்த நேரத்திலிருந்து தொடங்குவதல்ல, தீ பட்ட நேரத்திலிருந்து தொடங்குவது.

குரங்கணியில் பிற்பகலில் வெந்தவருக்கு நள்ளிரவோடு அந்த எட்டு மணி நேரம் தீர்ந்துவிட்டது. இருட்டில் டோலியில் வந்தவருக்கு அதில் பெரும்பகுதி பாறைக்கும் புதருக்கும் நடுவே போயிருக்கும். அதன்பிறகு போடி அரசு மருத்துவமனை, தேனி அரசு மருத்துவக் கல்லூரி, அங்கிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனை என்று சாலை வழியே இன்னும் பல மணி நேரம். மூச்சுக்குழாய் வெந்தவருக்கு இதைவிடக் குறைவான அவகாசமே உண்டு. தொண்டை வீங்கி அடைபடுமுன் குழாய் செருகியாக வேண்டும். உடம்பில் பெரும்பகுதி வெந்தவரை உலகின் சிறந்த மருத்துவமனையாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம். பாதி வெந்தவரின் நிலை அப்படியல்ல. அவர் விஷயத்தில் அந்தச் சில மணி நேரங்கள் உயிரைத் தீர்மானிக்கக்கூடியவை. ஆகவே வான்வழி மீட்பு என்றதும் சுழலும் விசிறியை மட்டும் நினைப்பது தவறு. முதல் சலைன் பாட்டில் சரிவுக்கு எப்போது வந்தது என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி.

ஹெலிகாப்டரின் எல்லைகளையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறையும். விசிறி தள்ளக் காற்று குறைந்தால் தூக்கும் எடையும் குறையும். பறந்துகொண்டே கடப்பது எளிது. ஒரே இடத்தில் மிதந்து நின்று கயிற்றில் ஆளை இழுப்பதுதான் எந்திரத்துக்கு மிகக் கடினமான வேலை. காட்டுத்தீயில் வேறொரு சிக்கலும் உண்டு. கீழே அடிக்கும் விசிறிக் காற்று கனன்றுகொண்டிருக்கும் புல்லைத் திரும்பவும் மூட்டிவிடும். சரிவில் சமதளம் இல்லையென்றால் இறங்கவும் முடியாது. அன்று மாலை சூலூரிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பியிருந்தாலும், எங்கே இறங்குவது என்ற கேள்விக்குக் கீழே தயாரான பதில் இருந்திருக்காது.

குரங்கணி நிலப்படத்தில் தொலைதூர ஊரே அல்ல. போடியிலிருந்து 16 கிலோமீட்டர்தான், பேருந்து போகிறது. ஆனால் பேருந்து நிற்கும் இடத்துக்கு மேலே கதை மாறிவிடும். முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை என்று கொட்டகுடி ஊராட்சியின் குடியிருப்புகள் சரிவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. சில இடங்களுக்கு ஜீப் பாதை, சிலவற்றுக்குக் காலடிப் பாதை. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் சூரியநெல்லியைச் சுற்றித்தான் போகவேண்டும்; அதுவும் குடல் குலுங்கும் ஜீப் பாதை. குரங்கணியையும் டாப் ஸ்டேஷனையும் இணைக்கும் சாலை நெடுங்காலக் கோரிக்கையாகவே நிற்கிறது. மலைத்தொடரின் வடக்கே அகமலைப் பக்கத்திலும் இதே நிலை. அங்கிருந்து டோலியில் நோயாளியைத் தூக்கி வந்த செய்திகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. கடல் சூழ்ந்த ஊரைத் தீவு என்று அரசு ஒப்புக்கொள்கிறது. அதற்குப் படகும் ஹெலிகாப்டரும் ஒதுக்கீடு பெறுகின்றன. சரிவு சூழ்ந்த ஊருக்கு அந்தத் தகுதி கிடைப்பதில்லை.

தீவுகளுக்கு இது எப்படிக் கிடைத்தது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும். 1933 மே 14 அன்று ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வயிற்றுக் கோளாறால் உயிருக்குப் போராடிய ஒரு மீனவரை, சிறிய டிராகன் ரக விமானம் கிளாஸ்கோ அருகே ரென்ஃபுரூவுக்குக் கொண்டுவந்தது. அங்கே வான்வழி ஆம்புலன்ஸ் சேவையின் தொடக்கமாக அதைச் சொல்கிறார்கள். அதற்கென்று தனி விமானம் வாங்கவில்லை. ஏற்கெனவே தீவுகளுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற நிறுவனத்தின் விமானமே போதுமாக இருந்தது. தீவில் மருத்துவர் ஒருவர் இருந்தார், அவர் கேட்டார், விமானம் வந்தது. அதே ஸ்காட்லாந்தின் பாரா தீவில் இன்றும் கடற்கரை மணல்தான் ஓடுதளம். கடல் உள்வாங்கும் நேரத்தை வைத்தே விமான நேரத்தைக் குறிக்கிறார்கள். இருக்கிற நிலத்துக்கு ஏற்றபடி சேவையை வடிவமைத்தார்கள் என்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நமக்கு அருகிலும் இப்படிப்பட்ட சேவை உண்டு. இலங்கையின் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அங்கிருந்து கவலைக்கிடமான நோயாளிகளை இலங்கை விமானப்படை ஹெலிகாப்டர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. லட்சத்தீவில் நோயாளியை ஹெலிகாப்டரில் அனுப்புவது நடைமுறையாகவே இருந்துவருகிறது. 2021-இல் அங்கே எழுந்த தகராறு ஒன்று நமக்கு நேரடியாகப் பாடம் சொல்கிறது. அதுவரை அந்தந்தத் தீவின் மருத்துவ அலுவலர் முடிவெடுத்தால் நோயாளியை விமானத்தில் அனுப்பலாம். அந்த ஆண்டு மே மாதம் நிர்வாகம் அந்த அதிகாரத்தை நான்கு பேர் கொண்ட குழுவிடம் மாற்றியது. தீவு மக்கள் கொதித்தெழுந்தார்கள். விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. ஹெலிகாப்டர் அதேதான், விமானி அதே ஆள்தான், தூரமும் அதேதான். நோயாளியின் அருகில் நிற்கும் மருத்துவர் சொன்னால் வண்டி கிளம்புமா, இல்லையா என்பது மட்டுமே மாறியிருந்தது. குரங்கணியில் அந்தி சாயும்வரை நாம் இழந்ததும் இதைத்தான்.

இந்தியாவில் மலைக்கான முயற்சியும் தொடங்கிவிட்டது. 2024 அக்டோபர் 29 அன்று ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையிலிருந்து சஞ்சீவனி என்ற பெயரில் ஹெலிகாப்டர் மருத்துவ சேவை தொடங்கப்பட்டது. திட்டத்தின்படி மருத்துவமனையிலேயே ஹெலிகாப்டர் நிற்கும். மருத்துவரும் செவிலியரும் அதிலேயே போவார்கள். உத்தராகண்ட் மலைவாசிகளுக்குக் கட்டணம் இல்லை. 2025 மே 17 அன்று கேதார்நாத்தில் ஒரு நோயாளியை ஏற்றப் போன அந்த ஹெலிகாப்டர் தரையிறங்கும்போது வால் உடைந்து விபத்துக்குள்ளானது. உள்ளே இருந்த மூவரும் தப்பினார்கள். உயரமும் ஒடுக்கமான இறங்குதளமும் சேர்ந்தால் எவ்வளவு ஆபத்து என்பதை அது காட்டியது. அதனால் திட்டமே வீண் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆபத்து இருக்கிறது என்பதால்தான் பயிற்சிபெற்ற, மலைக்கென்றே ஒதுக்கிய குழு வேண்டும். போர்ப்பணிக்கு இருப்பவர்களை நெருக்கடி நேரத்தில் இரவல் கேட்கும் ஏற்பாடு போதாது.

ட்ரோன்களையும் மறக்கக்கூடாது. 2021 அக்டோபரில் மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் உள்ள காரங் தீவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ட்ரோனில் தடுப்பூசி அனுப்பியது. சாலையும் படகுமாக 26 கிலோமீட்டர் சுற்ற வேண்டிய இடத்தை வானில் 15 கிலோமீட்டரில், கால் மணி நேரத்துக்குள் அடைந்தது. ட்ரோன் நோயாளியைத் தூக்காது. ஆனால் பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து, ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து, வலி நிவாரணி, சலைன் இவற்றைப் போடியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகலாம். அங்கே அதை வாங்கி ஊசி போடத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 மலையேற்றப் பாதைகளை அரசு திறந்தது. குரங்கணி – சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. வழிகாட்டிகளாக உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நல்ல தொடக்கம். அவர்களுடைய பயிற்சியை முதலுதவியோடு நிறுத்தாமல் இன்னும் சில படிகள் மேலே கொண்டுபோக வேண்டும்: நரம்பில் ஊசி ஏற்றுவது, தீக்காயப் பரப்பைக் கணக்கிடுவது, மருத்துவரோடு வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டே திரவ அளவை முடிவுசெய்வது, இறங்கும் ஹெலிகாப்டருக்குக் காற்றின் திசையைக் காட்டுவது. செல்பேசிக் கோபுரம் எட்டாத மடிப்புகள் இந்த மலையில் பல. அங்கே வாக்கிடாக்கியே உயிர். ஊசி போடும் அதிகாரத்தை மருத்துவர் அல்லாதவருக்குக் கொடுக்கலாமா என்று தயங்குவார்கள். 2008-இல் தமிழகத்தில் 108 சேவை தொடங்கியபோது வண்டிக்குள் இருந்தது மருத்துவர் அல்ல, பயிற்சிபெற்ற தொழில்நுட்பர். நாம் அதை ஏற்றுக்கொண்டோம். அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. சாலையில் சரியென்றால் சரிவிலும் சரிதான்.

இறங்குதளம் பற்றியும் சொல்லவேண்டும். காட்டைச் சமன்செய்து கான்கிரீட் போட வேண்டியதில்லை. தோட்டங்களில் ஏலக்காய் காயவைக்கும் களம், பள்ளிக்கூட மைதானம், பாறைமேடு என்று இருக்கிறவற்றை விமானிகள் ஒருமுறை பார்த்து, எது எந்த எடைக்கு, எந்த மாதத்துக்கு ஒத்துவரும் என்று குறித்து வைத்தால் போதும். அந்தக் குறிப்பு தேனி ஆட்சியர் அலுவலகத்திலும் சூலூரிலும் இடுக்கியிலும் இருக்கவேண்டும். இடுக்கியைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மலையில் மாநில எல்லை முகட்டில் ஓடுகிறது. நோயாளி எந்தப் பக்கம் இறங்கினால் விரைவு என்பதை எல்லைக்கல் முடிவுசெய்வதில்லை. தினமும் விடிகாலையில் போடியிலிருந்து ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் இரண்டு மாநிலத்துக்கும் சொந்தம். அவர்களுடைய ஜீப் கவிழ்ந்தால் எந்த மாநிலத்தின் வண்டி வரும் என்பதை அப்போது பேசிக்கொண்டிருக்க முடியாது.

இவ்வளவு சொன்னபிறகும் ஹெலிகாப்டர் உதவாத மாதங்கள் இருக்கின்றன. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் முகட்டில் மேகம் நாட்கணக்கில் அமர்ந்துவிடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. 70 உயிர்கள் போயின, பெரும்பாலோர் தமிழர்கள். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த நிலையில் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆனது. வானிலை மோசமாக இருந்ததால் வான்வழி மீட்பு கைகூடவில்லை. மலைக்கான எந்தத் திட்டமும் பெட்டிமுடியை மனத்தில் வைத்துப் போடப்பட வேண்டும்.

இந்தச் சரிவுக்கு மேகத்தில் இயங்கிய ஒரு வழி முன்பு இருந்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் மூணாறுத் தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகளில் கொட்டகுடிக்கு இறங்கியது. அங்கிருந்து வண்டிகளில் போடிக்குப் போனது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்களே அதன் மிச்சம். 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. 2022 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு மலைப்பகுதிகளுக்கான ரோப்வே திட்டத்தை ‘பர்வத்மாலா’ என்ற பெயரில் அறிவித்தது. பெரும்பாலும் கோயில்களும் சுற்றுலாத் தலங்களும் அதன் பட்டியலில் இடம்பெறுகின்றன. குரங்கணி – டாப் ஸ்டேஷன் தடத்தில் ஏலக்காயும் ரேஷன் அரிசியும் ஏற்றி இறக்கும் சிறிய கம்பிவடம், ஒரு ஸ்ட்ரெச்சர் பொருந்தும் அளவு தொட்டியோடு அமைந்தால், மலையை வெட்டிச் சாலை போடுவதைவிடக் காட்டுக்குச் சேதம் குறைவாக இருக்கும். மேகம் இறங்கிய நாளிலும் இயங்கும். யானைப் பாதை, வனச் சட்டம், பராமரிப்புச் செலவு எல்லாவற்றையும் ஆராய வேண்டும். அந்த ஆய்வைத் தொடங்குவதற்கு இன்னொரு தீ தேவையில்லை; தேனி மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.